ஆறு வருடம் காத்திருந்த கடிகாரம்

செயற்கைப் பல் செய்கிறவர் அவர். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, அந்தந்த வாய்க்குப் பொருந்துகிற பல்வரிசையைக் கட்டிக் கொடுப்பது தொழில். லேபில் உடன் வேலை பார்த்த இரண்டு பெண்கள் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் காட்டினாலும், "இன்னும் கால் மில்லிமீட்டர் தேய்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்தக் கண்தான் அவரைக் கைக்கடிகாரங்களின் பக்கம் இழுத்தது. பேட்டரி இல்லாமல் சாவி கொடுத்து ஓடுகிற ரகம். கையில் கட்டியிருந்தது என்னவோ சாதாரணக் கடிகாரம்தான். ஆனால் உலகத்தில் யார், எத்தனை பாகங்களை எவ்வளவு சிறிய இடத்துக்குள் அடைக்கிறார்கள் என்று ஆரம்பித்தால் தட்டில் இருப்பது ஆறிப்போகும். மனைவி அலுக்காமல் கேட்பாள். "அந்தச் சக்கரத்துக்கெல்லாம் எண்ணெய் போட ஒரு எறும்பத்தான் அனுப்பணும்" என்பாள்.

மனைவிக்குச் சர்க்கரை வியாதி. ஐம்பத்தெட்டு வயதில் இடது கண் போனது. எட்டு மாதத்தில் வலது கண்ணும். அடுப்பு, குழாய், துணி அலமாரி எல்லாம் கைக்குப் பழகிவிட்டன. நேரம் மட்டும் பழகவில்லை.

"ஏங்க, மணி என்ன?"

சொல்வார். கால் மணி நேரத்தில் மறுபடி கேட்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது ஏழாவது தடவையாகக் கேட்டாள். நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிட்டார்: "மணி தெரிஞ்சு என்ன பண்ணப்போற? எந்த ஆபீசுக்குக் கிளம்பணும் உனக்கு?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை மடித்து முடித்தாள். அன்றிலிருந்து கேட்கவே இல்லை.

அந்த வாரமே அவர் ஊரின் பெரிய கடிகாரக் கடைக்குப் போனார். பக்கவாட்டில் இருக்கும் சின்ன விசையை நகர்த்தினால் மணி சொல்லும் கைக்கடிகாரம் ஒன்று உண்டு. உள்ளே இரண்டு குட்டிச் சுத்தியல்கள் கம்பிச் சுருளைத் தட்டும். மணிக்குக் கனத்த ஒலி, கால் மணிக்கு இரட்டை ஒலி, நிமிடத்துக்கு மெல்லிய ஒலி. இருட்டில் நேரம் தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் செய்தது. வருடத்துக்கு நாலைந்துதான் செய்வார்கள், வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று முன்பணம் கட்டினார். வீட்டில் மூச்சு விடவில்லை. அதை அவள் கையில் கட்டிவிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இடையில் ஒருமுறை மகள் கேட்டாள்: "பட்டனை அமுக்கினா மணி சொல்ற வாட்ச் இருக்குப்பா. அம்மாவுக்கு வாங்கிட்டு வரட்டா?"

"அந்த வாத்துக் குரலா? உங்கம்மா கைக்கு அதெல்லாம் வேணாம். பொறு."

ஆறு வருடம் போயிற்று. சிறுநீரகமும் கைவிட்டு, மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தாள். ஐம்பத்து மூன்றாவது நாள் கடையிலிருந்து போன் வந்தது: "உங்க கடிகாரம் வந்துடுச்சு சார்."

மகளையும் கூட்டிக்கொண்டு போனார். விஷயத்தைக் கேட்ட மேலாளர் அம்மாள் இருவரையும் உட்காரச் சொன்னார். பிறகு உள்ளே போய் இன்னொரு பெட்டியையும் எடுத்து வந்தார். வேறொருவர் வேண்டாமென்று விட்ட நாட்காட்டிக் கடிகாரம்.

"இதுவும் அதே இடத்துல செஞ்சதுதான் சார். மாசத்துக்கு முப்பதா முப்பத்தொண்ணான்னு அதுவே பாத்துக்கும். லீப் வருஷமும் தெரியும். நிக்காம ஓடினா 2100 வரைக்கும் தேதியத் திருத்தவே வேணாம். உங்களுக்கு எது மனசுக்குப் படுதோ, அத எடுத்துக்கலாம்."

சாம்பல் நிறத் துணிமேல் இரண்டும் அருகருகே இருந்தன. முதலில் மணி சொல்லும் கடிகாரத்தின் விசையை நகர்த்தினார். கனத்த ஒலி பதினொன்று, இரட்டை ஒலி மூன்று, மெல்லிய ஒலி இரண்டு. பதினொன்று நாற்பத்தேழு. ஒவ்வொன்றும் வெண்கலக் கிண்ணத்தை விரலால் தட்டின மாதிரி தெளிவாக இருந்தது.

கடைசி ஒலி அடங்குவதற்குள் கண் மற்றதன் மேல் போய்விட்டது. சட்டைப்பையிலிருந்து லேபில் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். முகப்பில் வளர்பிறை, தேய்பிறை காட்டும் குட்டி நிலாவின் விளிம்பை எப்படி மெருகேற்றியிருக்கிறார்கள்! எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாரோ. நிமிர்ந்தபோது மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது நல்லாருக்கும்மா?"

"யாருக்குப்பா?"

அவர் பூதக்கண்ணாடியைத் திரும்பக் கண்ணருகே கொண்டுபோனார்.

"சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்" என்றாள் மகள். "அம்மாகிட்ட பேசுற வாட்ச் இருந்துச்சு. நான்தான் வாங்கிக் குடுத்தேன். 'உங்கப்பாவத் தொந்தரவு பண்ண முடியல, ஒண்ணு வாங்கிட்டு வா'ன்னு அவங்களே கேட்டாங்க. நீங்க லேபுக்குப் போனதும் எடுப்பாங்க. நீங்க வர்ற நேரம் தலையணை உறைக்குள்ள போயிடும்."

"எதுக்கு ஒளிக்கணும்?"

"இந்தக் கடையிலேர்ந்து ஒரு தடவ வீட்டுக்குப் போன் பண்ணியிருக்காங்க. அம்மாதான் எடுத்தாங்க. 'உங்கப்பா எனக்காக ஆசையா ஏதோ ஏற்பாடு பண்றாரு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே'ன்னாங்க. ஒவ்வொரு வருஷமும், இந்த வருஷம் வந்துடும்னு பாத்தாங்க. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சீங்கப்பா. மணி என்னன்னு கேட்டா, வாயால சொல்லியிருந்தா போதாதா?"

அவர் பூதக்கண்ணாடியை மூடிப் பைக்குள் போட்டார். அவளுக்காக என்று விற்ற நிலம், அவளுக்காக என்று பொத்தி வைத்த ஆசை எல்லாமே அந்தத் துணிமேல் கிடந்தன. எவ்வளவு தேடியும் அவற்றில் அவள் இல்லை. அவர்தான் இருந்தார்.

"ரெண்டும் வேணாம்மா" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க சார். விட்டா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"போகட்டும்."

அவர்கள் கதவைத் தாண்டுவதற்குள் அந்த அம்மாள் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளிடம் கேட்டார்: "அந்த வாட்ச் எங்க?"

"அம்மா துணியெல்லாம் ஒரு முதியோர் இல்லத்துக்குக் குடுத்தோமேப்பா, அதோட போயிடுச்சு. யார் கையில இருக்கோ."

அவர் நம்பவில்லை. தலையணை உறைகளை ஒவ்வொன்றாக உதறினார். மருந்துப் பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்தார். அலமாரியின் அடித்தட்டு வரை கையை விட்டுத் துழாவினார். பழைய மாத்திரை அட்டைகளும் ஒரு சீப்பும்தான் கிடைத்தன.

"அது ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா?" என்று கேட்டார்.

"பொம்பளக் குரல்ப்பா."

"எப்படிச் சொல்லும்?"

மகள் சொல்லிக் காட்டப் பார்த்தாள். பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் கட்டிலில் சிதறிக் கிடந்த மாத்திரைகளை ஒதுக்கிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தார்.