பங்குனிக் களைப்பு

கனடாவில், மொன்றியலில் பனி கரையும்போது முதலில் வெளியே வருவது பூ அல்ல. நவம்பரில் தொலைந்த ஒற்றைக் கையுறை, சிகரெட் கட்டைகள், நாய்க் கழிவு, உப்பில் ஊறிய சரளைக்கல். சென்ட் லோரன்டில் எங்கள் தெருவோரம் குவித்துவைத்த பனி கறுத்துப்போய்க் கிடக்கும். வெயில் கொஞ்சம் சுட்டாலே இளம் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு படிக்கட்டில் குந்தியிருந்து கோப்பி குடிப்பார்கள். ஊரே உற்சாகமாக இருக்கும் அந்த வாரங்களில்தான் என் மனைவி படுத்துவிடுவாள்.

சென்ற வருடம் அப்படித்தான் நடந்தது. குளிர்காலம் முழுவதும் தவறாமல் வேலைக்குப் போனவள், வெளிச்சம் கூடியதும் எழும்ப முடியவில்லை என்றாள். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. களைப்பு என்ற ஒரே சொல். போகாத நாட்கள் கூடிக் கடைசியில் அவளது இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இப்போதைய வேலை, மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவது, இலையுதிர் காலத்தில்தான் கிடைத்தது. இந்த முறையும் படுத்தால் அதுவும் போகும். அதைவிட எனக்குப் பயம், போன முறை அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த கிடை.

அதனால் மார்ச் பிறந்ததிலிருந்து அவளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். இங்கே டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் பின்னேர வேலை. பழைய பழக்கம் விடவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைக்கிறாளா, தலை வாரி இழுத்திருக்கிறாளா என்று பார்ப்பேன். கோடைக்காக ஊரெல்லாம் மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளிவைத்த வாரத்தில் ஒரு காலை, அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் முக்காலியில் இருந்துவிட்டாள். கையில் பை இருந்தது. பஸ் போய்விட்டது. அதன் பிறகுதான் எழும்பினாள்.

கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் சோதித்தார்கள், குறை ஒன்றும் இல்லை. டொக்டர் இளம் பெண், எங்களுக்காகப் பிரெஞ்சை மெதுவாகப் பேசினார். வசந்தத்தில் பலருக்கும் இப்படி வரும், தினமும் ஒரே நேரத்தில் எழும்புங்கள், காலை வெளிச்சத்தில் நடங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், குறையாவிட்டால் திரும்பி வாருங்கள் என்றார். அத்தனையிலும் சாப்பாட்டை மட்டும் நான் தலைப்பாக்கிக்கொண்டேன். ஏனென்றால் அது பங்குனி மாதம்.

பங்குனித் திங்கட்கிழமைகளில் அவள் அம்மனுக்கு விரதம். விடிய முதல் தலைமுழுகி, விளக்கேற்றி, வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவாள். பகல் முழுவதும் நின்றபடி வேலை. பின்னேரம் கீழ்வீட்டு அக்காவின் காரில் கோயிலுக்குப் போய், பூசை முடிந்த பிறகே சாப்பாடு. களைப்புக்குக் காரணம் தேடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டு திங்கள் கழிந்திருந்தன; இந்த வருடம் மிச்ச விரதத்தை விடும்படி சொன்னேன். டொக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். எதற்கும் வாதாடுகிறவள் அன்று வாதாடவில்லை. கீழ்வீட்டு அக்காதான் படிக்கட்டில் என்னை மறித்தா.

"தம்பி, பேப்பரில பிழை திருத்தின கையெல்லோ. இப்ப மனுசியைத் திருத்த வெளிக்கிட்டியளாக்கும்."

நான் சிரித்தேன். பின்னால் நின்ற என் மனைவியும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

அடுத்த திங்கள் காலையில் புட்டும் சம்பலும் செய்து வைத்தேன். பாதி சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் படுத்துவிட்டு வாறன் என்று போனவள், அன்று வேலைக்குப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. புதனும் அப்படியே. தொழிற்சாலையிலிருந்து மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூப்பிட்டபோது காய்ச்சல் என்றேன். திங்கட்கிழமை வராவிட்டால் ஆள் மாற்ற வேண்டிவரும் என்று மரியாதையாகச் சொன்னார்.

படுக்கையறைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். குளிர் புகாமல் நவம்பரில் யன்னலில் ஒட்டிய பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருந்தது. வெளிச்சம் எண்ணெய்க் கடதாசி வழியாக வருவதுபோல் மங்கலாக விழுந்தது.

"எனக்கு விளங்கேல்லை," என்றேன். "சாப்பிடுறீர், படுக்கிறீர். பேந்தும் ஏன் இப்பிடி?"

அவள் சுவரைப் பார்த்தபடி கதைத்தாள். "நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டே இருக்கிறியள். அது ஒரு பக்கம்." போர்வையை இழுத்துக்கொண்டாள். "கிழமையில ஒரு நாள், அந்தத் திங்கள்தான், எழும்போணும் எண்டு நானா எழும்பினது. மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நாளைப் பிடிச்சுக்கொண்டு எழும்பினனான். அதையும் எடுத்துப்போட்டியள்."

தேத்தண்ணியை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று தட்டுகளை மாற்றி அடுக்கி ஏச்சு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை யன்னல் பிளாஸ்டிக்கை உரித்தேன். குளிர் திரும்பவும் வரும் என்றாள். வரட்டும் என்று யன்னலைத் திறந்தேன். ஈர மண் மணமும் கார்ப்புகையும் சேர்ந்து வந்தன. பிறகு கீழே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ என்னைக் குற்றம் சொல்லவில்லை; நாளைக்கு நான் பார்க்கிறன், நீங்கள் வாயைத் திறக்கவேண்டாம் என்றா.

மறுநாள் விடியமுன் மனைவியின் தொலைபேசி அடித்தது. அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. "நான் முழுகியும் ஆச்சு. நீ இன்னும் கிடக்கிறியோ?"

மனைவி போர்வையை விலக்கினாள். அக்கா தொலைபேசியை வைக்காமல் காத்திருந்தா.

"ஓம் அக்கா. எழும்புறன்."

அன்று பஸ் தரிப்பு வரை நான் கூடப் போனேன். கிட்ட இருந்த தரிப்பை விட்டு, வெளிச்சத்துக்காக அடுத்ததுக்கு நடந்தோம். ஈரத் தலையைத் தொப்பியால் மூடியிருந்தாள். தாழ்ந்த வெயில் நேரே கண்ணில் அடித்தது. கால் பாரமாகக் கிடக்கு என்றாள். திரும்பிப் போவமோ என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறி, கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள், கை காட்டவில்லை. வேலை தப்பியது, ஓர் எச்சரிக்கையோடு.

அதுதான் கடைசிப் பங்குனித் திங்கள். அடுத்த திங்கள் சித்திரைக்குள் வந்தது. விரதம் இல்லை, கோயில் இல்லை. அக்காவும் கூப்பிடவில்லை; ஒவ்வொரு நாளும் தான் எழுப்பினால் அது தன்ர எழும்பலாகிவிடும், அவளுடையதாகாது என்று அந்த ஞாயிறே என்னிடம் சொல்லியிருந்தா.

இருட்டிலேயே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்க்கக்கூடாது என்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கட்டில் அசைந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. அவள் விளிம்பில் இருக்கிறாளா, மறுபடி சாய்ந்துவிட்டாளா என்று முதுகால் தெரியவில்லை. குளியலறையில் குழாய் திறந்த சத்தம் கேட்டபோது சுவரில் வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.