ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்பது

பெரிய கடை வீதியில் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைக்கிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். நடுவில் காவிரி. அதைக் கடக்க ஒண்ணாம் நம்பர் பஸ் இருக்கிறது, டிக்கெட்டும் இலவசம். திருநங்கைகளுக்கு டவுன் பஸ்ஸில் காசு வேண்டாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. ஆனால் பஸ்ஸில் ஏறினால்தானே இலவசம்? ஏறுவதற்கு முன்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அதற்குத்தான் நான் பட்ட பாடு.

சாயந்திர டியூட்டியில் ஒரு ஏட்டு இருந்தார். லத்தியால் இரும்புக் கம்பத்தை டக் டக் என்று தட்டிக்கொண்டே வருவார். என்னைக் கண்டதும் அந்தத் தட்டு வேகமாகும்.

"ஏய், கிளம்பு, கிளம்பு. இங்க என்ன வேலை?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேன் சார்."

"எந்த பஸ்ஸுன்னு எனக்குத் தெரியும். கிளம்பு."

நான் பெரிய வாய்க்காரி. அளவு பிளவுஸ் கொடுக்காமல் குறை சொல்ல வருகிறவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். லத்தியைப் பார்த்தால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். என் பக்கத்தில் காலேஜ் பெண்கள் நிற்பார்கள், பூக்கார அக்கா கூடையோடு உட்கார்ந்திருப்பார், தொட்டியத்திலிருந்து வந்த வாழைத்தார் ஒன்று தூணில் சாய்ந்திருக்கும். அந்த வாழைத்தாருக்குக்கூட நிற்க இடம் உண்டு, எனக்குக் கிடையாது. பாலம் வரை நடந்துபோய் ஷேர் ஆட்டோ பிடிப்பேன். வழியெல்லாம் அந்த ஏட்டை மனசுக்குள் திட்டித் தீர்ப்பேன்.

எங்கள் கடையில் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் வக்கீல் அம்மா ஒருவர் உண்டு. ஒருநாள் அளவு எடுக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். கையைத் தூக்கியபடியே சட்டம் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம ஸ்டேட்ல போலீஸ்காரங்க நடத்தை விதியிலேயே சேர்த்திருக்காங்க, தெரியுமா? முறையா விசாரிக்கலாம். ஆனா உங்களை மாதிரி இருக்கிறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. பண்ணா அவங்க மேல நடவடிக்கை எடுக்கலாம்."

"கையை இறக்குங்கம்மா, அளவு தப்பாகுது. இது அந்த ஏட்டுக்குத் தெரியுமா?"

"அதுக்குத்தான் போலீஸ்காரங்களுக்கு வகுப்பு நடத்துறோம். நீங்களும் வந்து பேசுங்க."

"போலீஸுக்கு நான் வகுப்பா? பிளவுஸுக்கு அளவு வேணும்னா எடுக்கறேன்" என்றேன். அவர் விடவில்லை.

போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாகக் காக்கிச் சட்டைகள். முதல் வரிசையில், ஆத்தாடி, அதே ஏட்டு! லத்தி இல்லாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மேலே சுற்றும் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தவர்தான், கழுத்து இறங்கவே இல்லை.

வக்கீல் அம்மா விதியை விளக்கினார். பிறகு மைக் என் கைக்கு வந்தது. ஒரு பெண் காவலர் எழுந்து, "உங்களை எப்படிங்க கூப்பிடணும்?" என்று கேட்டார்.

"பேரைக் கேளுங்க, சொல்றேன். 'ஏய்'ங்கிறது என் பேர் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள், ஃபேனைப் பார்த்தவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். "எங்களை விரட்ட வேண்டாம். நீங்கதான் எங்களைப் பாதுகாக்கணும்" என்று உருக்கமாக முடித்தேன். கைதட்டினார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

மறுநாள் சாயந்திரம் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு சத்திரத்தில் போய் நின்றேன். ஓடக் கூடாது என்று முடிவு. டக் டக் சத்தம் வந்தது.

"வாங்க மேடம்!"

அடுத்த நொடி விசில். "தள்ளுங்க, தள்ளுங்க! மேடம் பஸ்ஸுக்கு நிக்கிறாங்க!"

டீக்கடையிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. என்னை உட்காரவைத்து, சுற்றிலும் இடத்தைக் காலி செய்தார். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் பந்தோபஸ்து பார்த்துப் பழகிய மனிதர். பாதுகாக்கச் சொன்னால் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். காலேஜ் பெண்கள் விலகினார்கள், வாழைத்தாரும் விலகியது. "யாருப்பா அது, சினிமாவில நடிக்கிறாங்களா?" என்று யாரோ கேட்டார்கள். பஸ் வந்ததும் குறுக்கே நின்று கையைக் காட்டி நிறுத்தி, "மேடத்தைப் பத்திரமா இறக்கி விடணும்" என்று கண்டக்டரிடம் உத்தரவு போட்டார்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் குனிந்து, "என்னக்கா, ஏதாவது கேஸா?" என்றார். மாம்பழச் சாலை தாண்டியும் பஸ்ஸே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்பு ஓர் ஏட்டுதான் என்னை முறைத்தார். இப்போது ஊரே முறைத்தது.

தினமும் இதே கூத்து. கடைசியில் பூக்கார அக்கா வெடித்துவிட்டார். "முன்ன உன்னைத் துரத்தினாரு. இப்ப உனக்காக எங்களைத் துரத்துறாரு. நான் கூடையை எங்கடி வைக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே அவரிடம் பேசினேன். லத்திக்கு முன்னால் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், இந்த நாற்காலி வேண்டாம்."

"ஏன் மேடம், ஆடுதா?"

"ஆடலை சார். நான் நிக்கணும். இவங்கல்லாம் நிக்கிற மாதிரி. விசில் வேண்டாம், யாரும் விலக வேண்டாம். நீங்க என்னைப் பார்க்கவே வேண்டாம்."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பார்க்காம விட்டு, யாராவது உங்ககிட்ட வம்பு பண்ணா?"

"அப்பப் பாருங்க சார்."

"இல்ல மேடம், முன்ன நான் உங்களை..." என்று எதையோ சொல்ல வந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அதற்கடுத்த நாள் சமயபுரம் போகிற கூட்டம் வேறு. நிற்க இடமில்லை. பூக்கார அக்காவின் கூடைக்கும் ஒரு டிபன் கேரியர்காரருக்கும் நடுவில் ஒடுங்கி நின்றேன். டக் டக். பழக்க தோஷம், கால் தானாகவே பாலத்துப் பக்கம் திரும்பியது. இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சொன்னா கேக்க மாட்டீங்களா? பஸ் வருது, கண்ணு தெரியலையா? எல்லாரும் பின்னாடி போங்க!"

அவருடைய பார்வை டிபன் கேரியர் மேல் பட்டது, என் மேல் பட்டது, பூக்கூடை மேல் பட்டது. எங்கும் நிற்கவில்லை. அப்படியே தட்டிக்கொண்டு கடந்து போய்விட்டார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். நானும் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தேன். என்னையறியாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"ஏன்டி அழுவுற?" என்று பதறினார் அக்கா. "மறுபடியும் திட்டிட்டாரா?"

"ஆமாக்கா" என்றேன். "எல்லாரோடயும் சேர்த்துத் திட்டிட்டாரு."