பல்பு எரியும்போது கதவைத் திறக்காத சரோஜா சிஸ்டர்

செவ்வாய்க்கிழமை காலை லேசர் மிஷினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சேக்காட்டிலிருந்து சரோஜா சிஸ்டரின் தம்பி வந்தார். மஞ்சள் காமாலை, பத்தே நாளில் அக்கா போய்விட்டார் என்றார். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். நாற்பத்தொன்று சாகிற வயதா?

பூந்தமல்லி சாலையில் உள்ள நம் கண் மருத்துவமனையில் சிஸ்டரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையில் கசியும் ரத்தத்தை ஒளியாலேயே சுட்டு அடைக்கும் மிஷின் வந்திறங்கியபோது, நாமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். பயந்தது அவர் ஒருவர்தான். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டினார். எவர்சில்வர் தட்டுகளை வெளியே அனுப்பினார். மிஷின் ஓடும்போது எரிய, கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு போடச் சொன்னார். பெரிய டாக்டர் கதவில் கை வைத்தபோதும், "பல்பு எரிஞ்சிகினு கீது சார், செத்த நில்லுங்க" என்றார். டாக்டரும் நின்றார்.

ஆயுத பூஜை வந்தது. மிஷினைப் பராமரிக்கும் மெக்கானிக் நான். சந்தனம், குங்குமம் வைத்து, அம்பத்தூரில் கண்ணாடி போட்டு வாங்கிய முருகன் படத்தை எதிர்ச் சுவரில் மாட்டினேன். சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"சாமிய ஒண்ணும் சொல்லல அண்ணாத்தே. கண்ணாடிதான் வாணாம். வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்துடும். காலண்டர் படம் மாட்டு, பூவு நான் வாங்கியாறேன்."

கழற்றினேன். ஆனால் எனக்கு ரோஷம். அவர் நாலு நாள் லீவில் போனதும் மறுபடி மாட்டிவிட்டேன்.

நாலாம் நாள் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய காலை, அவர் அறைக்கு வருமுன்பே மிஷினைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கறுப்பு அட்டையில் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பது வழக்கம். அப்போது கண்ணுக்குப் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சுக் கண்ணாடி வியர்வையில் வழுக்கியது. ஒரு நிமிஷம்தானே என்று நெற்றிக்கு ஏற்றிக்கொண்டேன். அட்டை சரிந்தது. எதிர்ச் சுவரிலிருந்து பச்சையாக ஏதோ பளிச்சென்று வந்து வலது கண்ணில் அறைந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு படத்தைப் பார்த்தேன். முருகன் முகம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, கறுப்பாக ஒரு திட்டு மட்டும்.

"சிஸ்டர்!" என்று அலறினேன். ஓடி வந்த காலடிச் சத்தம் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

"ஆப் பண்ணிட்டியா?"

"கண்ணு போச்சு சிஸ்டர்!"

"கண்ண மூடிக்கோ. வலது பக்கம் சாவி கீது, தடவிப் பாரு. மொதல்ல ஆப் பண்ணு."

கண்ணை மூடிக்கொண்டு தடவினேன், சாவி அகப்படவில்லை. வீட்டில் மனைவிக்கு ஆறு மாதம். பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேனா என்று நினைத்தேன். நான் குருடாகிக்கொண்டிருக்கிறேன், இந்தப் பொம்பளை வெளியே நின்று கேள்வி கேட்கிறாளே என்று மனதுக்குள் திட்டினேன். கடைசியில் சாவி கிடைத்தது, திருப்பினேன். பல்பு அணைந்த பிறகுதான் அவர் உள்ளே வந்தார்.

டாக்டர் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். வெந்த தடம் ஏதும் தெரியவில்லை, ஆனால் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். பெஞ்சில் உட்கார்ந்தோம். சிஸ்டர் என் இடது கண்ணைப் பொத்தி, காட்டுப்பாக்கம் பஸ் டிக்கெட்டை நீட்டி எண்ணைப் படிக்கச் சொன்னார். நடு எண்கள் இல்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி நீட்டினார். அப்போதும் இல்லை. டிக்கெட்டைத் தன் பக்கம் திருப்பி, எண்ணை ஒருமுறை தானே படித்துப் பார்த்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் எண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசி எண்ணைப் படித்ததும் இரண்டு பேருமே அழுதோம்.

"ஏன் சிஸ்டர் வெளியவே நின்னுட்டீங்க?" என்று கேட்டேன்.

"நானும் உள்ள வந்து, எனக்கும் கண்ணு தெரியாமப் பூட்டா, உன்ன யாரு கைய புடிச்சி இட்டுகினு போவா? எனக்கு பயம்பா. நீயும் பயந்துக்கோ, தப்பில்ல."

படத்தை மறுபடி மாட்டியது யார் என்று அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

இறந்தவர்கள் தைரியம் கொடுத்துவிட்டுப் போனதாக எழுதுவார்கள். சரோஜா சிஸ்டர் எனக்குக் கொடுத்தது பயம். அதை விடாமல் வைத்திருக்கிறேன். அதனால்தான் இதை இரண்டு கண்ணாலும் பார்த்து எழுத முடிகிறது.