பெயர் மாற்றப்பட்டுள்ளது

ஆம்பூரில் ஒரு மனித உரிமை அமைப்பில் நான் எழுதுகிற வேலை பார்க்கிறேன். பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைத் தமிழில் குறித்துக்கொண்டு, அதை ஆங்கிலத்தில் ரிப்போர்ட் ஆக்கி, நிதி கொடுக்கும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு அனுப்ப வேண்டும். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் முதுகு ஒடிய உட்கார்ந்து என்னைப் படிக்கவைத்த என் அம்மா, "எம் பொண்ணுக்கு ஆபீஸ் வேலை" என்று தெருவில் சொல்லிக்கொள்வார். என்ன ஆபீஸ் என்று யாராவது கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சில நாட்களில் எனக்கும் தெரிவதில்லை.

அந்தப் பெண் எங்கள் மாடிப்படி ஏறி வந்தது ஒரு புதன்கிழமை. முப்பது வயதுகூட இருக்காது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கணவர் ஒரு டேனரியின், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையின், கழிவுத் தொட்டிக்குள் சகதி அள்ள இறங்கினார். விஷவாயு தாக்கி உள்ளேயே விழுந்து செத்துப்போனார். கம்பெனி சொன்னது வேறு. ஞாயிறு விடுமுறை, அன்று எந்த வேலையும் நடக்கவில்லை, அந்த ஆள் எங்கள் தொழிலாளியே இல்லை, இரும்பு திருடச் சுவர் ஏறிக் குதித்தவன் தொட்டியில் தவறி விழுந்திருக்கிறான். போலீஸ் குறிப்பிலும் அப்படியே ஏறிவிட்டது.

"பணம் வருதோ வரலயோ, அத அப்புறம் பாத்துக்கலாம் மேடம்," என்றாள் அவள். "அவரு திருடப் போகல. வேலைக்குக் கூப்ட்டாங்க, போனாரு. அத மட்டும் எங்கயாச்சும் எழுதி வாங்கிக் குடுங்க. ஸ்கூல்ல எம் பொண்ண திருடன் பொண்ணுன்றாங்க."

எழுதுவதுதானே என் வேலை, எழுதிவிடலாம் என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

தொட்டிக்கு மேலே கயிறு பிடித்து நின்ற ஒருவர் இருந்தார். இறந்தவரோடு ஒரே காண்டிராக்டரிடம் வேலைக்குப் போகிறவர். அன்று சாயங்காலமே அவரைத் தேடிப் போனேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். காண்டிராக்டர் போன் செய்தது, தொட்டியின் மூடியைத் திறந்தது, கயிறு கையில் திடீரென்று கனத்தது எல்லாம்.

"வாட்ச்மேனே கேட்டத் தொறந்துவிட்டாரு மேடம். செவுரு ஏறிக் குதிக்கிறவன் பக்கெட்டும் கயிறுமா போவான்?" என்றவர், "ஆனா எம் பேரு எங்கயும் வரக் கூடாது," என்றார்.

"வராதுண்ணா. அது எங்க அமைப்போட விதி," என்றேன். பெருமையாகவே சொன்னேன். டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

அந்த விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் வேலூரில் ஒரு ஓட்டலில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு அம்மையார், "உங்கள் நோட்டு தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால், அதில் இருப்பவர்களின் கதி என்ன?" என்று கேட்டார். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏசி குளிரில் தூங்கி வழிந்தார்கள். நான் சிறு வயதிலிருந்தே முதல் பெஞ்சு. அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. மற்றவர்கள் நோட்டில் உண்மையான பெயரை எழுதிவிட்டு டைப் செய்யும்போது மாற்றுவார்கள். நான் கேட்கும்போதே மாற்றி எழுதப் பழகிக்கொண்டேன். பெயர் மட்டுமல்ல. ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் விட மாட்டேன். ஊரை மாற்றுவேன், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றுவேன்.

கயிறு பிடித்தவரை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று, இறந்தவரின் பெயர், ஊர், பிள்ளைகளோடு கிழமையையும் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை டேனரியில் ஒரு சாவு என்றால் ஆம்பூரில் யாருக்குத்தான் தெரியாது? வியாழக்கிழமை என்று போட்டேன். ரொம்ப ஜாக்கிரதையான ஆள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது. உண்மைப் பெயரோடு கையெழுத்து வாங்கிய ஒப்புதல் தாள்களை ரிப்போர்ட் அச்சானதும் அழித்துவிட வேண்டும் என்பதும் விதி. அதற்கென்றே தாளைப் பொடியாகக் கிழிக்கும் ஒரு மெஷின் வாங்கியிருந்தோம்; கயிறு பிடித்தவரின் தாளும் பின்னால் அதில்தான் போயிற்று. எங்கள் ஆபீசில் இதுவரை ரிப்பேர் ஆகாத பொருள் அது ஒன்றுதான்.

ரிப்போர்ட் வழவழப்பான தாளில் வந்தது. இறந்தவரின் கதை இரண்டு பக்கம். கீழே பொடி எழுத்தில், பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. படித்துக் கண் கலங்கியதாக வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தது. எங்கள் டைரக்டர் எல்லோர் முன்னாலும் எனக்குக் கை தட்டினார். அந்தப் பெண்ணிடம் ஒரு பிரதி கொடுத்தேன்.

"இது அவரப் பத்தியா மேடம்?"

"ஆமாம்மா, அவரப் பத்திதான்."

ஆங்கிலம் தெரியாதவள் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பெயரை மாற்றியிருக்கிறோம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை.

வேலூரில் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் அதிகாரி முன்னால் மனு போட்டோம். அவர் அங்கே வேலைக்குப் போனவர் என்று நிரூபித்துவிட்டால் திருடன் என்ற பேச்சு தானாகவே விழுந்துவிடும் என்றார் எங்கள் வக்கீல். விசாரணை நெருங்கும்போது, கயிறு பிடித்தவர் கம்பெனி பக்கம் சாட்சி சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. அதே டேனரியில் அவருக்கு நிரந்தர வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அவரைப் பார்த்தேன். அவர் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார். எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

"பரவால்ல, நீங்க சாட்சி சொல்லுங்க," என்றார் வக்கீல். "சம்பவம் நடந்த மூணே நாள்ல அந்த ஆளு உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கான். அன்னிக்கு எழுதின நோட்டு இருக்குதுல்ல? அத எடுத்துட்டு வாங்க, போதும்."

பீரோவிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தேன். என் கையெழுத்து. யாரோ ஒருவரின் பெயர், எங்கேயோ ஓர் ஊர், இரண்டு பிள்ளைகள், வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்ததா இல்லையா என்பதுதான் வழக்கே.

சரியான பெயரும் கிழமையும் போட்டு ஒரு பழைய நோட்டில் திரும்ப எழுத அரை மணி நேரம் போதும். பேனாவைக்கூடத் திறந்தேன். 'சட்டத்தின் ஆட்சிக்காக' என்று எங்கள் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கிறதே என்று மூடிவிட்டேன். இன்று கேட்டால், எழுதியிருக்கலாம் என்றுதான் சொல்வேன். எதிர்ப்பக்கம் யாரும் பெயர்ப்பலகையைப் பார்த்து நடந்துகொண்டதாகத் தெரியவில்லை.

விசாரணையன்று கம்பெனி வக்கீல் கையில் எங்கள் ரிப்போர்ட் இருந்தது. எங்கள் இணையதளத்தில் நாங்களே போட்டு வைத்திருந்தது. மரியாதையாகத்தான் கேட்டார்.

"இது நீங்க எழுதினதா மேடம்?"

"ஆமா."

"இதுல இருக்கிறது இறந்தவர் பேரா?"

"இல்ல. மாத்தியிருக்கோம்."

"ஊரு?"

"அதுவும் மாத்தினதுதான்."

"ரெண்டு புள்ளைங்கன்னு இருக்குது. மனுதாரருக்கு ஒரு பொண்ணுதானே? சம்பவம் வியாழக்கிழமைன்னு வேற போட்டிருக்கீங்க."

"அடையாளம் தெரியக் கூடாதுன்னு நான்தான் மாத்தினேன்."

"சரி, உங்க நோட்டுல?"

"நோட்டுலயும் வியாழன்தான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவர் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். "எல்லாத்தையும் மாத்திட்டீங்களேம்மா. நான் எத வச்சு எழுதறது?"

உங்களிடம் சொன்னவர் யார் என்று எங்கள் வக்கீல் கேட்டார். கம்பெனிக்காகச் சாட்சி சொல்ல வந்திருந்த அந்த மனிதர் திறந்த கதவுக்கு வெளியே வராண்டாவில் நின்றிருந்தார். அவர் பெயரைச் சொல்லிவிட்டேன். எங்கேயும் வராது என்று டீக்கடையில் வாக்குக் கொடுத்த பெயர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "இந்த மேடத்த நான் பாத்ததே இல்ல," என்றார். வாக்கும் போயிற்று, பலனும் இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் பெண் கேட்டாள்.

"அவருக்கு இன்னா பேரு மேடம் வச்சீங்க?"

சொன்னேன்.

"அது யாரு?"

"யாரும் இல்லம்மா. சும்மா ஒரு பேரு."

அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆம்பூர் வரும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

ஆபீசில் இதைப் பேச ஒரு கூட்டம் போட்டோம். அடுத்த ரிப்போர்ட்டில் 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்ற தலைப்பில் அரைப் பக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன், அதிலும் எல்லாப் பெயர்களையும் மாற்றி. எங்கள் நேர்மையைப் பாராட்டி மெயில் வந்தது. கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். மறுநாள் கிழித்துப்போட்டேன். எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. வேறு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் படியேறி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், தெரியாது.

பல மாதம் கழித்து உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி. அவள் வீட்டுக்குப் போய் நான்தான் படித்துச் சொன்னேன். பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருந்தாள். மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீல் சொன்னதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவரப் பத்தி எழுதியிருக்கிறத மறுபடி படிங்க மேடம்."

அவர் பெயர், அவர் அப்பா பெயர், தெரு, ஊர், ஞாயிற்றுக்கிழமை. அதற்கடுத்து, திருடும் நோக்கத்துடன் அத்துமீறி நுழைந்தவர். எதையும் விடாமல் படித்தேன். அவள் தாளை வாங்கி, அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"இதுல பேரு, ஊரு, கெழமை எல்லாம் கரெக்டா இருக்குதே," என்றாள். "பின்னால எம் பொண்ணு தேடிப் பாத்தா, இதத்தான மேடம் நம்புவா?"

"ஆமாம்மா," என்றேன்.