திட்டுக்குப் போகும் நாள்

கோரையாறு காயலில் கலக்கும் இடம் வந்ததும் படகுக்கார அண்ணன் எஞ்சினை நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஆழம் கிடையாது. மூங்கில் கழியை ஊன்றித்தான் தள்ள வேண்டும். எஞ்சின் நின்றதும் காதுக்குள் சட்டென்று ஒரு வெறுமை இறங்கும். சேற்றிலிருந்து கழி பிடுங்கிக்கொண்டு வரும் சத்தம், எங்கோ ஒரு நாரையின் குரல், அவ்வளவுதான். பதினேழு வருடங்கள், தை மாதம் தவறாமல், அந்த அமைதிக்காகத்தான் நான் தனியாக முத்துப்பேட்டைக்குப் போய்வந்தேன்.

அப்போது ஓர் அரசு மருத்துவமனையில் தீக்காய வார்டில் செவிலியராக இருந்தேன். வீடு நீடாமங்கலத்தில். அந்த வார்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே செத்துப்போன பெண்களின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் பக்கவாதத்தில் படுத்த மாமியார். பொங்கல் முடிந்த மறுவாரம் ஒரே ஒரு நாள் கணவர் லீவு போட்டு அவரைப் பார்த்துக்கொள்வார். அந்த நாள் எனக்கு. அறுவடை மெஷின்கள் வயலில் இறங்கும் காலையில் மன்னார்குடி வழியாகப் பஸ் பிடித்து, பத்து மணிக்கெல்லாம் படகுத்துறையில் நிற்பேன்.

நான் அதைத் தீவு என்பேன். "தீவெல்லாம் இல்லைங்க, திட்டு" என்று அண்ணன் திருத்துவார். சுற்றிலும் அலையாத்தி மரங்கள், சேற்றைக் குத்திக்கொண்டு ஆணிகள்போல் நிற்கும் அவற்றின் வேர்கள், நடுவில் நாலு பாய் விரிக்கிற அளவு காய்ந்த மணல். என்னை இறக்கிவிட்டு அவர் படகைத் தள்ளிக் கொண்டுபோய்த் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். நான் ஒன்றும் செய்ய மாட்டேன். புத்தகம்கூடக் கொண்டுபோவதில்லை. யாரும் என்னை "சிஸ்டர்" என்று கூப்பிடாத ஒரே இடம் அது. முதல் வருடம் அவர் என்ன வேலை என்று கேட்டபோது ஆபீஸ் வேலை என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்டதில்லை. ஒரு பெண் வருடா வருடம் தனியாக வந்து மணலில் உட்கார்ந்துவிட்டுப் போவதை, கொக்கு வந்து போவதைப்போல அவர் எடுத்துக்கொண்டார்.

ஆறாவது வருடம் என்று நினைக்கிறேன். படகைக் கரையில் இழுக்க இறங்கியவர் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். திருக்கை முள் பாதத்தில் ஏறியிருந்தது. நல்ல பலசாலி, பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினார். நான் யோசிக்கவே இல்லை. முள்துண்டை எடுத்து, பிளாஸ்கில் இருந்த வெந்நீரைப் படகில் கிடந்த சட்டியில் ஊற்றி, சூடு பார்த்து, காலை அதற்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் வலி இறங்கியது. என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப்போட்டேன். கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நர்சம்மாவா நீங்க?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். திரும்பி வரும் வழியெல்லாம், எதையோ பறிகொடுத்தவள்போல இருந்தது.

அடுத்த வருடம் அவர் எனக்கு முன்பே துறையில் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். படகோட்ட வரும்போது அவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. படகை அவிழ்க்காமல் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நர்சம்மா, ஒரு ஒதவி. வீட்ல அவளுக்கு மாருல ஒரு கட்டி. ரெண்டு வருசமா இருக்காம், இப்பத்தான் சொல்றா. டாக்டருகிட்ட காட்ட மாட்டேங்கிறா, கூச்சம். நீங்க ஒரு தரம் பாத்துச் சொன்னீங்கன்னா கேப்பா. இந்தா, பத்து நிமிச நடைதான்."

இதை எழுதும்போது கை கூசுகிறது. எனக்கு முதலில் வந்தது கோபம். இங்கேயுமா என்று நினைத்தேன். முந்தின நாள் காலைதான் எங்கள் வார்டில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி போயிருந்தாள். பத்து நிமிட நடை, அப்புறம் அந்தம்மாளைச் சமாதானம் செய்ய ஒரு மணி, பக்கத்து வீட்டுக்காரர்கள் தெரிந்துகொண்டு வந்து நிற்பார்கள், பொழுது போய்விடும். திட்டுக்குப் போக முடியாது.

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டு வாங்கண்ணே" என்றேன். "அங்கே நான் இருப்பேன். எல்லாம் பார்த்துடலாம்."

"சரிங்க" என்றார். சட்டையைக் கழற்றி மடித்துப் படகின் முனையில் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

அவர்கள் வரவில்லை. நானும் ஒரு வாரம் வாசலைப் பார்த்தேன், பிறகு மறந்துபோனேன். அடுத்த தை மாதம் படகில் ஏறியபோது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பதில் என்னவாக இருக்கும் என்று ஓரளவு தெரியும். தெரிந்துகொண்டால் திட்டில் உட்கார முடியாது. நாள் முழுவதும் உட்கார்ந்துவிட்டு, திரும்பும் வழியில்தான் கேட்டேன்.

"வீட்ல எப்படி இருக்காங்கண்ணே?"

"போயிட்டாங்க. ஆவணியில."

கழியை மாற்றிப் பிடித்துத் தள்ளினார். இரண்டு வருடக் கட்டி, ஏழு மாதத்தில் முடிந்திருக்கிறது, நான் பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பஸ்ஸில் எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டேன். மருத்துவமாகப் பார்த்தால் அது பொய்யுமில்லை. அதை வைத்துக்கொண்டு மேலும் ஒன்பது வருடங்கள் அதே படகில் அதே திட்டுக்குப் போனேன். போகாமல் விட்டால் ஏன் போகவில்லை என்று எனக்குள் யாரோ கேட்பார்கள் என்ற பயம் அதற்கு ஒரு காரணம்.

பிறகு ஒரு கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது. தென்னை முழுவதும் ஒரே திசையில் படுத்துவிட்டது. ஒரு வாரம் கழித்து மருந்துப் பெட்டியுடன் அவர் குடியிருப்பைத் தேடிப் போனேன். படகுத்துறையிலிருந்து பத்து நிமிடம்கூட இல்லை. ஆறு நிமிடத்தில் போய்விட்டேன்.

கூரை போன வீட்டின் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அண்ணன் அரிசி வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தார். அவர் மகள் மட்டும் இருந்தாள். முப்பது வயதிருக்கும், கைக்குழந்தைக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தேன். அவள் என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுக்கு வர்ற நர்சம்மா நீங்கதானா?"

"ஆமா."

"எங்கம்மா உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள். "நீங்க அன்னிக்கு வர்றீங்கன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருந்தாங்க. அம்மா வீடெல்லாம் மெழுகிட்டு, தலைக்குக் குளிச்சி, தீபாவளிச் சேலையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. ஒங்களுக்குன்னு நண்டு ஆக்கி வச்சிருந்துச்சு. சாயங்காலம் அப்பா மட்டும் வந்தாங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவோ கூப்பிட்டோம். அவங்களுக்கே வர நேரமில்ல, அங்க போயி நான் யாரைப் பாக்குறதுன்னுடுச்சு."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு குழந்தையைக் கீழே படுக்கவைத்துவிட்டு, தனக்கும் பயமாக இருக்கிறது, ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டாள். தார்ப்பாய்க்குக் கீழே, கிழிந்த சேலையை மறைப்பாகக் கட்டி அவளைப் பரிசோதித்தேன். கட்டி எதுவும் இல்லை. மொத்தம் ஐந்து நிமிடம் ஆனது.

அரிசியோடு வந்த அண்ணன் என்னைப் பார்த்ததும், "வாங்க, வாங்க" என்று உட்கார இடம் தேடினார். உட்கார அங்கே எதுவும் இல்லை. வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன்.

"அண்ணி அன்னிக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு ஏண்ணே சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

அவர் அரிசிப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். ஒங்க மொகத்தப் பாத்தேன். வருசத்துக்கு ஒரு நாளு வந்து ஒக்காந்துட்டுப் போறீங்க. அதையும் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேங்க."

அந்த வருடத்தோடு திட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அண்ணனுக்கு அது புரியவில்லை. இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன், மாமியாரும் இல்லை. எல்லா நாளும் என்னுடையதுதான். தை பிறந்தால் அவரிடமிருந்து போன் வரும். மரமெல்லாம் மறுபடி துளிர்த்துவிட்டது, பூநாரை வந்திருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார். இந்த வருடமும் கேட்டார். மூட்டு வலி, படகில் ஏற முடியாது என்று சொன்னேன்.

"அப்படியா" என்றவர், தொடர்ந்து சொன்னார்: "நான் வேணா பஸ் ஏறி வந்து கூட்டிக்கிட்டுப் போறேங்க. தூக்கிக்கூட ஏத்திடுவேன். என்னிக்குன்னு மட்டும் சொல்லுங்க."