செண்பகம் துடைத்த பேனல்

ஒலக்கூர் அலெக்ஸ் கெட்டவன் இல்லை. வயரிங் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆர்டர் பிடிக்கிற நேரத்தில் வாய்ப்பந்தல் போட்டுவிடுவான். அந்த வாயை என்ன செய்வது?

கெடாரில் செண்பகம் வீட்டு மாடியில் சோலார் போட்டு, ஊர் மின்கம்பியோடு இணைத்துக் கொடுத்தது அவன்தான். அவள் கணவர் சுப்பராயலு முப்பது வருஷம் ரைஸ் மில் தூசியைத் தின்றவர். ஆக்சிஜன் மிஷின் ஓடினால்தான் இப்போது அவருக்கு மூச்சு. அதனால் செண்பகம் கேட்டது ஒரே கேள்வி: கரண்ட் போனால் என்ன ஆகும்?

"வெயில் இருக்கிற வரைக்கும் உங்க மிஷின் ஓடிக்கினே இருக்கும்க்கா" என்றான்.

பொய் என்று அவனுக்கே தெரியும். பேட்டரி இல்லாத அந்த சோலார், கம்பியில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அந்தக் கரண்ட் கம்பிக்குப் போய், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை அடித்துவிடும் அல்லவா?

கார்த்திகைப் புயலில் கம்பங்கள் சாய்ந்தன. மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. கரண்ட் மட்டும் வரவில்லை. செண்பகம் போன் செய்தாள். ஒலக்கூரிலிருந்து பைக்கில் வந்த வழியெல்லாம், வாங்கப்போகும் திட்டை நினைத்துக்கொண்டே வந்தான் அலெக்ஸ்.

அவள் திட்டவில்லை. மாடியில் முந்தானையைச் செருகிக்கொண்டு ஈரத்துணியால் பேனல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே சுப்பராயலுவுக்கு அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

"புயல்ல சேறு அடிச்சிருக்கு தம்பி. காலையிலேர்ந்து தொடைக்கிறேன், நான் சரியா தொடைக்கல போலக்குது."

அலெக்ஸ் விழுப்புரத்துச் சிலிண்டர் கடைக்குப் போன் போட்டு வேறு சிலிண்டர் அனுப்பச் சொன்னான். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இன்னொரு துணியை எடுத்து அவனும் துடைத்தான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

சிலிண்டர் வருவதற்குள் லைன் சரியாகி கரண்ட் வந்துவிட்டது. கீழே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. செண்பகம் கண் கலங்க அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தம்பி கை பட்டதும் சோலார் ஓடிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியைக் கூப்பிட்டுச் சொன்னாள். கரண்ட் போனாலும் ஓடுமென்றால் தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள் பாஞ்சாலி.

செண்பகம் கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை. அலெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஓடாதுக்கா. கரண்ட் போனா இதுவும் நின்னுடும். அன்னிக்கி நான் பொய் சொல்லிட்டேன்."

செண்பகம் கையைக் கீழே விட்டாள். கொடியில் கிடந்த இரண்டு ஈரத்துணிகளையும் பார்த்தாள்.

"தெரிஞ்சிக்கினேவா தம்பி என்கூட தொடைச்சீங்க?"