பிடியரிசிக் கூடையில் கிடந்த முடிச்சு

என் வீட்டுக்காரர் இறந்துபோனார் என்று ரங்கூனில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய யுத்தம் முடிந்து ஆறாம் வருஷம், உயிர்ப்புப் பண்டிகைக்கு முந்தின தபசு நாட்களில் நடந்த காரியம் இது. சபையாரே, உங்கள் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் பெயர் அன்னபாக்கியம். பசுண்டாங் ஓடைக்கரையில் ஒரு அரிசி மில்லில் சாக்கு தைக்கிறேன். என் வீட்டுக்காரர் யேசடியானுக்குக் கப்பலில் வேலை. அதில் வேலை செய்கிற ஆட்களுக்குச் சோறாக்குகிற பண்டாரி அவர். அதற்கு முந்திய வருஷம் அரிசி ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காக் கரைக்குப் போன கப்பலில் போனார். கப்பல் திரும்பி வந்தது. அவர் வரவில்லை.

கூடப் போனவர்களைக் கேட்டேன். மொம்பாசா என்கிற துறைமுகத்தில் கடுங்காய்ச்சல் கண்டு, கால் வீங்கி, நினைவு தப்பின நிலையில் கரையில் இறக்கிவிட்டார்களாம். அதில் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமலே, "பிழைச்சிருக்க மாட்டாரு அக்கா, மனசைத் தேத்திக்கங்க" என்றார். கப்பல் ஆபீசில் விசாரித்தால், அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பத்து மாசம் அழுதேன். சாக்கு தைக்கிற ஊசி விரலில் ஏறினால்கூட எனக்கு உறைக்காது. ஊரிலிருந்து கொழுந்தன் கடுதாசி போட்டிருந்தான். ஒத்தையில் அங்கே என்ன செய்கிறாய், வந்து எங்களோடு இரு என்று. எங்கள் உபதேசியார் நல்ல மனுஷர். அவரும் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அம்மா அன்னபாக்கியம், உயிர்ப்பு ஞாயித்துக்கு முன்னாடி ஒரு ஞாபக ஜெபம் வச்சிருவோம். எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பே? அதுக்குப் பொறவு ஊருக்குப் போய்ச் சேரு."

ஞாபக ஜெபம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் கழுத்திலிருக்கிற தாலியைக் கழற்ற வேண்டும். அடுத்த வியாழக்கிழமை கப்பலேற வேண்டும். அவர் எங்கேயோ உயிரோடு கிடந்து ரங்கூனுக்குத் திரும்பி வந்தால், வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதற்குமேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

அந்த வாரம் என் ஜெபம் மாறியது. அதுவரைக்கும், அவரைத் திரும்பக் கொண்டுவாரும் என்று கேட்டேன். இப்போது அதைக்கூடக் கேட்கவில்லை. "ஆண்டவரே, இருக்காரா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை போதும். வர்ற ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு தாலியைக் கழட்டுறேன். அதுக்குள்ள சொல்லும்" என்று கேட்டேன். பாருங்கள், ஆண்டவருக்கே கெடு வைத்தேன். என் குணம் அப்படி.

எங்கள் ஜெபவீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மரவீடு. தரையில் பாய். வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். ஆண்கள் இடது பக்கம் காலை வைத்ததை நான் கண்டதில்லை. வாசலில் ஒரு பெரிய மூங்கில் கூடை இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் நம் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைக்கிறார்கள் அல்லவா, அந்தப் பிடியரிசியை ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடையில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் அதைப் புடைத்து, கல் பொறுக்கி, வியாதிக்காரர் வீடுகளுக்குப் பங்கு வைப்பது என் பொறுப்பு. ஐந்து வருஷமாக வேறொருவர் அந்தக் கூடையைத் தொட நான் விட்டதில்லை.

அந்த ஞாயிறு காலை உள்ளே நுழைகிறேன். பெண்கள் எல்லாரும் வாசலிலேயே குழந்தையும் கையுமாக நிற்கிறார்கள். என்னவென்று எட்டிப் பார்த்தால், இடது பக்கத்துப் பாயில், உடைந்த ஜன்னலுக்குக் கீழே, நான் எப்போதும் உட்காருகிற இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். ஆப்பிரிக்காக்காரன். கப்பலில் கரியள்ளிப் போடுகிறவன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நெடுநெடுவென்று உயரம். கரி படிந்த நீலச் சட்டை. கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்ததோ! நேரே போய் அவன் முன்னால் நின்றேன்.

"ஏய், எந்திரி! பொம்பளைங்க பக்கம் இது. குடிச்சிட்டு வந்து உக்கார உனக்கு வேற எடம் கிடைக்கலையா?"

அவன் கண்ணைத் திறந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். ரங்கூன் துறைமுகத்தில் எல்லாருக்கும் பொதுவான அந்த உடைந்த ஹிந்துஸ்தானியில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் விட்டால்தானே! தமிழில் வைதேன். ஹிந்துஸ்தானியில் வைதேன். மீதியைப் பர்மா பாஷையில் வைதேன். அவன் நிறத்தையும் இழுத்தேன். நான் மட்டும் என்ன வெள்ளைக்காரியா? இதே ரங்கூன் தெருவில் என்னை அப்படிச் சொன்னவர்கள் உண்டு. சொன்னால் எப்படி வலிக்கும் என்று தெரிந்தே சொன்னேன். அதுதான் என் பாவம்.

அவன் கூப்பின கையை இறக்கினான். எழுந்தான். உட்கார்ந்திருந்த பாயின் சுருக்கத்தை நீவிவிட்டான். போகும்போது என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வாசலைத் தாண்டும்வரை விரட்டிவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, ஆண்டவரே ஒரு வார்த்தை சொல்லும் என்று கண்ணீரோடு ஜெபித்தேன்.

ஆராதனை முடிந்தது. எல்லாரும் போன பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு கூடை முன்னால் உட்கார்ந்தேன். நாலைந்து முறம் புடைத்திருப்பேன். அரிசிக்குள் கையை விட்டபோது ஒரு துணி முடிச்சு தட்டுப்பட்டது. யாரோ அவசரத்தில் முடிச்சோடு போட்டுவிட்டார்கள் போல என்று அவிழ்த்தேன். உள்ளே அரிசி இல்லை. மக்காச்சோளம். ஒரு பிடி இருக்கும். பல்லைப் போல வெள்ளை வெளேரென்ற மணிகள். நம் ஆட்களில் யார் மக்காச்சோளம் போடுவார்கள்?

துணியை உதறினேன். அதன் மூலையில் கறுப்பு மையில் மூன்று புள்ளி, அதற்குக் கீழே ஒரு கோடு.

இந்த ஊரில் வண்ணான் வீட்டுக்கு வீடு ஒரு குறி வைத்திருப்பான், உங்களுக்குத் தெரியும். சேங்கொட்டை மையில் போட்ட குறி துணி கிழிந்தாலும் போகாது. மூன்று புள்ளி, ஒரு கோடு என் வீட்டுக் குறி. அது என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தோளில் போடுகிற துண்டு. கப்பலேறும்போது நான்தான் மடித்து வைத்தேன்.

முறம் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம். நான் வாசலைத் தாண்டி ஆற்றை நோக்கி ஓடினேன். அந்த ஆளைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? ஆண்டவர் என் பாயிலேயே கொண்டுவந்து உட்காரவைத்த பதிலை நான் கழுத்தைப் பிடிக்காத குறையாகத் தள்ளிவிட்டேன். "ஐயோ, என் வாய், என் வாய்" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. மாசி வெயிலில் கல்தெரு கொதித்தது.

துறைமுகத்தில் கூலிக்காரர்களைக் கேட்டேன். ஆப்பிரிக்காக்காரர்கள் வேலை செய்கிற கப்பல் ஒன்று நடு ஆற்றில் நிற்கிறது, பிற்பகல் வடிநீரோடு புறப்படுகிறது என்றார்கள். ஒரு சாம்பான் படகுக்காரரிடம் கெஞ்சி ஏறிக்கொண்டேன். கப்பலுக்குக் கீழே நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். வேலையாட்களின் தலைவரான சாரங்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உசரமா ஒருத்தரு, காலையில கரைக்கு வந்தாரே, இருக்காரா?" என்று ஹிந்துஸ்தானியில் கேட்டேன்.

"யாக்கோபோவா? இன்னும் வரலையே. நேரத்துக்கு வரலைன்னா விட்டுட்டுப் போயிருவோம்" என்றார்.

திரும்பி வரும்போது சாம்பானுக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இவ்வளவு பெரிய ஊரில் அவனை எங்கே போய்த் தேடுவேன்? அப்போது நான் செய்த ஜெபத்தில் கெடு இல்லை, கேள்வி இல்லை. என்னை மன்னியும் என்று மட்டும்தான் சொன்னேன். அந்த மூன்று பாஷைக்கும் சேர்த்து.

வெறுங்காலோடு ஜெபவீட்டுத் தெருவுக்கு வந்தேன். எதிர்ச்சாரியில் டோ மியா என்கிற பர்மாக்கார அம்மாள் மொஹிங்கா விற்கிறாள். மீன்குழம்பு ஊற்றிய சேமியாச் சாப்பாடு. நம் ஆட்களிடம் விற்று விற்று அவளுக்கும் தமிழ் வரும். தூரத்திலேயே என்னைப் பார்த்துக் கரண்டியை ஆட்டினாள்.

"ஏ மா அன்னம்! எங்கே ஓடுறே நீ? உன்னைத் தேடி வந்த ஆளு காலையிலேர்ந்து என் கடையில உக்காந்திருக்கு. ரெண்டு கோப்பை சாப்பிட்டாச்சு. நீ இந்தப் பக்கம் பாக்காம ஓடுறே. நான் கத்துறேன், உனக்குக் காது கேக்கல!"

கடை நிழலில் சின்ன முக்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தான் அவன். ஜெபவீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு. நான் போய் அந்தத் துண்டை நீட்டினேன்.

"இருக்காரும்மா" என்றான், அதே உடைந்த ஹிந்துஸ்தானியில். "உயிரோட இருக்காரு. கால்தான் இன்னும் சரியாகல. கம்பு ஊன்றி நடக்கிறாரு. எங்க வீட்டிலேயே எல்லாருக்கும் சமைச்சுப் போடுறாரு."

தெருவென்றும் பார்க்காமல் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அது வேறு அழுகை.

அவன் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். மொம்பாசாவுக்கு எதிர்க்கரையில் அவனுடைய கிராமம். அங்கே இருக்கிற பெரியவர்களெல்லாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அடிமைக் கப்பல்களில் கொண்டுபோகப்பட்டவர்கள். நடுக்கடலில் இங்கிலீஷ் கப்பல்காரர்கள் மீட்டு, அந்தக் கரையில் கொண்டுவந்து இறக்கினார்களாம். தாய் எங்கே, ஊர் எங்கே என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. இவன் தாயும் அப்படி வந்தவள்தான். அங்கேதான் ஆண்டவரை அறிந்து, வீடு கட்டி, பிள்ளை பெற்றார்கள். துறைமுகத்தில் நினைவில்லாமல் கிடந்த என் வீட்டுக்காரரைக் கண்டு, ஆள் கூட்டிக் கட்டிலில் தூக்கிப்போனது அந்தத் தாய்தான். ஜாதி, தேசம் ஒன்றும் கேட்கவில்லை. "எங்களைக் கரையில எறக்கினப்போ யாரு வீட்டுப் பிள்ளைன்னு யாரும் கேக்கல, கஞ்சிதான் குடுத்தாங்க" என்றாளாம். ஐந்து மாசம் அவர் படுக்கையில் கிடந்தார். வீட்டுக்கு ஒரு பிடி மக்காச்சோளம் என்று கிராமமே போட்டு அவருக்குக் கஞ்சி வைத்தது. கடுதாசியும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது எங்கே தவறியதோ, என் கைக்கு வரவில்லை.

"அப்ப ஏன் தம்பி பொம்பளைங்க பக்கம் உக்காந்தே?" என்று கேட்டேன். அப்போதும் எனக்கு அது உறுத்தத்தான் செய்தது.

"உடைஞ்ச ஜன்னலுக்குக் கீழேதான் அவ உக்காருவா அப்படின்னு அண்ணன் சொன்னாரு. அங்கே இருந்தா நீங்களே என்கிட்ட வந்திருவீங்கல்ல? எங்க கோயில்ல ஆம்பளை பொம்பளைன்னு பிரிச்சு உக்கார மாட்டோம். குடும்பம் குடும்பமா உக்காருவோம். சின்ன வயசிலேயே பிரிஞ்சு வந்த சனங்க. மறுபடியும் பிரிய எங்க பெரியவங்களுக்கு மனசு வராது."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கையெல்லாம் அடுப்பு சுட்ட தழும்பு. அவன் மறுபடியும் அதே சிரிப்பைச் சிரித்தான். எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவு திட்டியும் ஏன் சிரித்தாய், ஏன் போகாமல் காத்திருந்தாய் என்று கேட்டேன்.

"அண்ணன் எல்லாத்தையும் சொல்லித்தான்ம்மா அனுப்பினாரு. 'உள்ள போனதும் மொதல்ல முடிச்சைக் கூடையில போட்டுரு. அந்தக் கூடை அவ கைக்குத்தான் வரும். நீ பேச வாயெடுத்தா அவ கேக்க மாட்டா. மொதல்ல திட்டுவா. அப்புறம் அரிசி புடைப்பா. ரெண்டுக்கும் நடுவுல ஓடிப்போயிராதே'ன்னாரு. நீங்க திட்ட ஆரம்பிச்சதும் எனக்குச் சந்தோஷம். சரியான ஆளைத்தான் கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சுபோச்சு."

டோ மியா விழுந்து விழுந்து சிரித்தாள். என் வீட்டுக்காரரை நான் எத்தனை வருஷம் படுத்தியிருக்கிறேன் என்று அந்தச் சிரிப்பில் எனக்குப் புரிந்தது. அழுதுகொண்டே நானும் சிரித்தேன். பிறகு அவனுக்கு ஒரு பை அரிசியும் அவன் தாய்க்கு என் புதுச் சேலையும் கொடுத்துச் சாம்பானில் ஏற்றிவிட்டேன். வடிநீருக்குக் கப்பல் போனது. சாரங்கு விட்டுவிட்டுப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு ஞாபக ஜெபம் நடக்கவில்லை. அதே நேரத்தில் உபதேசியார் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார். நான் தாலியோடு உட்கார்ந்திருந்தேன். மழைக்காலம் கழிந்து, கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் என் வீட்டுக்காரர் கம்பு ஊன்றிக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும், "திட்டிட்டியா அவனை?" என்றுதான் முதலில் கேட்டார்.

இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஞாயிறு காலையில் நான் துறைமுகத்துக்குப் போகிறேன். எந்தக் கரையிலிருந்து வந்த ஆளானாலும், ஆராதனைக்கு வர மனசிருந்தால் கூட்டிக்கொண்டு வருகிறேன். உடைந்த ஜன்னலுக்குக் கீழே என் இடத்தில்தான் உட்காரவைக்கிறேன். முதலில் முகம் சுளித்தவர்கள் இப்போது தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறார்கள். நானும் வீட்டுக்காரரும் அவர்களோடு சேர்ந்தே உட்காருகிறோம். என் வாய் முழுக்க அடங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய். திட்ட வாயெடுக்கும்போது அந்தத் துண்டு ஞாபகம் வருகிறது. பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

எனக்குப் பிரியமானவர்களே, கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஆண்டவரை நம்புங்கள். பதில் நீங்கள் எதிர்பார்க்கிற முகத்தோடு வராமல் போகலாம். முடிந்தால் விரட்டாமல் இருங்கள். என்னைப் போல விரட்டிவிட்டீர்களானாலும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டாம். என் குணம் என் புருஷனுக்கே இவ்வளவு தெரியுமென்றால், என்னை உண்டாக்கினவருக்குத் தெரியாதா? நான் திட்ட வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்த முடிச்சு கூடைக்குள் விழுந்துவிட்டது.